தண்டல் சொன்ன டைட்டு

தூத்துக்குடியில் கொழும்புத் தோணி ஒன்றில் கருப்பட்டிச் சிப்பங்களோடு நானும் ஏறவேண்டும். துறைமுகத்தின் வெள்ளைக்கார அதிகாரி கையசைத்தால்தான் தோணி கிளம்பும். அதை ஓட்டிப்போகும் தண்டல் சூசை, உப்புக்காற்றில் சிவந்த கண்களோடு, தரையிலும் அலைமேல் நடப்பவர்போல் ஆடி ஆடி வருகிறார்.

அதிகாரி அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "டைட்?" என்கிறார்.

சூசை சிப்பங்களைக் கட்டிய கயிற்றைப் பெருமையாகத் தட்டுகிறார். "ஆமா தொர, டைட்டு! நல்லா டைட்டு!"

யுத்தத்தின்போது ராணுவக் கேண்டீனில் வேலை பார்த்தவன் நான். சோல்ஜர்கள் பேச்சில் டைட் என்றால் குடித்திருக்கிறான் என்று பொருள். இப்போதோ மதுவிலக்கு. போலீஸைக் கூப்பிட இந்த ஒரு சொல் போதும்.

ஓடிப்போய், அவர் கயிற்றைச் சொல்கிறார் என்று அதிகாரிக்கு விளக்குகிறேன். அவர் சூசையை ஊதச் சொல்லி முகர்கிறார். வெற்றிலை வாசனைதான். சிரிக்காமலே சரக்கைப் பார்க்கப் போகிறார்.

"தொர என்னய்யா கேட்டாவ?"

"குடிச்சிருக்கீங்களான்னு கேட்டார், அண்ணாச்சி. நீங்க ஆமான்னுட்டீங்க."

சூசையின் முகம் வெளுக்கிறது. "ஏ மாதாவே! அந்தச் சொல்ல இனி வாயிலயே எடுக்க மாட்டேன்."

அதிகாரி திரும்பி வருகிறார். இந்தமுறை கயிற்றையே தொட்டுக் கேட்கிறார்: "டைட்?"

நான் வாய் திறப்பதற்குள் சூசை சிலுவை போட்டுக்கொள்கிறார். "நோ டைட், தொர! மாதா சத்தியமா நோ டைட்!"

கையசைக்க உயர்ந்த அதிகாரியின் கை பாதியில் இறங்குகிறது.