ஞானசேகரனுக்குப் பிடிபடாத இடது கார்னர்

கடலூர் பக்கம் குடிகாட்டில் இருக்கிற ஒரு ரசாயனக் கம்பெனியில் ஞானசேகரன் பாய்லர் ஆப்பரேட்டர். வீடு குறிஞ்சிப்பாடி. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கபடி அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு டிராக் சூட் தருவார்கள், அதிலும் பேன்ட் எப்போதும் நீளம் பத்தாது. நல்ல பயிற்சியாளர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவனை எடைபோட எவனுக்கும் தோன்றாது.

2009 ஏப்ரலில் காடாம்புலியூரில் நடந்த போட்டியில் ஒரு பையனைப் பார்த்தார். பெயர் செந்தமிழ்செல்வன், வயசு இருபது, முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டில் வேலை. இடது கார்னரில், அதாவது களத்தின் இடது ஓரத்தில் நின்று, பாடி வந்தவர்களில் ஒன்பது பேரைக் கணுக்காலில் பிடித்துப் போட்டான். ஒன்பதாவது ஆளைப் பிடித்தபோது ஞானசேகரன் கையிலிருந்த பலாச்சுளையைக் கீழே போட்டுவிட்டார். அன்றே பேசி, கம்பெனிக்குக் கூட்டிவந்தார். ஒரு வருஷ ஒப்பந்தம். பகலில் டிரம்மில் லேபிள் ஒட்ட வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டும். ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த ஏப்ரலில் வேலையும் கிடையாது, திரும்பவும் முந்திரி ஷெட்தான்.

வந்த நாளிலிருந்து பையன் ஆடவில்லை.

ஓடுகிறான், தாவுகிறான், தண்டால் எடுக்கச் சொன்னால் நூறு எடுக்கிறான். போட்டியில் எதிரணி ஆள் பாடிக்கொண்டு வந்து அவன் மூக்குக்கு முன்னால் காலை நீட்டினால், சும்மா நிற்கிறான். ஆள் போன பிறகு பாய்கிறான். பண்ருட்டியில் அப்படி. விழுப்புரத்திலும் அப்படி. நெய்வேலியில் கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்:

"டேய் கார்னரு! நட்டு வெச்ச கரண்டு கம்பமாடா நீ? லைட்டு எப்பப் போடுவ?"

கூட்டம் சிரித்தது. செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். கம்பெனியின் பர்சனல் மேனேஜர் சுப்பிரமணியன் சிரிக்கவில்லை. சின்ன டைரியில் ஏதோ எழுதினார். அவர் டைரியில் எழுதினால் அது யாருக்கும் நல்லதில்லை.

ஞானசேகரன் குழம்பிப்போனார். முதலில் கண் என்று நினைத்தார். கடலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கடைசி வரி எழுத்து வரைக்கும் படித்துவிட்டான். பிறகு சத்து என்று நினைத்து, தினம் நாலு முட்டை கொடுத்தார். பையனுக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். காதல் ஏதாவது இருக்குமோ என்று ஒரு வாரம் அவன் பின்னால் அலைந்தார். அவன் சாயங்காலம் போன ஒரே இடம் தையல் கடை, அதுவும் கிழிந்த நிஜாருக்கு.

இதில் இன்னொரு கூத்து. தினப் பயிற்சியில் சில நாள் பையன் நன்றாகத்தான் ஆடினான். புலி மாதிரி. ஞானசேகரனே களத்தில் இறங்கி அவன் பக்கத்தில் நின்ற நாள்களில், எவன் பாடி வந்தாலும் கால் சிக்கியது. 'நம்ம பயிற்சி ஏறிடுச்சி' என்று சந்தோஷமாகப் போட்டிக்குக் கூட்டிப்போவார். அங்கே மறுபடி கரண்டு கம்பம்.

"கூட்டத்தப் பாத்தா பயப்புடுறான்" என்று வீட்டில் சொன்னார்.

மனைவி பவானி அங்கன்வாடி டீச்சர். சோற்றைப் போட்டுக்கொண்டே, "காடாம்புலியூர்ல கூட்டம் இல்லியா?" என்றாள்.

"அது அவன் ஊரு."

"மாட்டுச் சந்தைல பல்லப் புடிச்சிப் பாக்குற மாதிரி எட்டு மாசமா அவனப் பாக்குறீங்க. ஒரு தடவ ஒக்கார வெச்சி கேட்டீங்களா?"

"கேட்டா இன்னா சொல்லுவான்? 'சரி சார்'ம்பான். ஏன்னு கேட்டாலும் 'சரி சார்'தான்."

"எங்கிட்ட மூணு வயசுப் புள்ளைங்களே ஒழுங்கா பதில் சொல்லுதுங்க. கேக்குற விதமாக் கேக்கணும்."

2010 பொங்கல் முடிந்து, சிதம்பரத்தில் போட்டி. "சிதம்பரத்துல பாத்துட்டு முடிவு பண்ணிடுவோம்" என்று சுப்பிரமணியன் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னால், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, ஞானசேகரன் செல்வனைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டேய், நான் பக்கத்துல நின்னா புடிக்கிற. மேட்ச்ல நின்னுடுற. ஏன்டா?"

"சரி சார்."

"அடி வாங்குவ. ஏன்னு கேட்டேன்."

பையன் புல்லைப் பிய்த்தான்.

"நீங்க கைய இறுக்குறீங்க சார். நான் போறேன்."

கபடியில் தடுக்கிறவர்கள் பக்கத்து ஆளின் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்பார்கள். கார்னருக்குப் பக்கத்தில் நிற்கிறவனை 'இன்' என்பார்கள். செல்வன் ஊர் அணியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கார்னர் சின்னவன், இன் மூத்தவன். மூத்தவன் கையை இறுக்கினால்தான் சின்னவன் பாய வேண்டும். இறுக்காமல் பாய்ந்தால் ஆளைப் பிடித்தாலும் திட்டு விழும். பதினாலு வயசிலிருந்து அவன் அப்படித்தான் ஆடினான். ஞானசேகரன் பழைய இன் ஆட்டக்காரர். கையை இறுக்குவது அவருக்குப் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை.

"அப்ப மேட்ச்ல ஒன் பக்கத்துல நிக்கிற தங்கராசு இறுக்குறதில்லியா?"

"இல்ல சார்."

"எட்டு மாசமா ஏன்டா சொல்லல?"

"அண்ணன் பெரிய ஆட்டக்காரரு. அவரு இறுக்கலன்னா, போகக்கூடாதுன்னுதான சார் அர்த்தம்?"

அணியின் இடது இன் தங்கராசு, முப்பத்தொரு வயசு, ஆறு வருஷமாகத் தற்காலிகத் தொழிலாளி. வரும் ஏப்ரலில் நிரந்தரம் செய்வதாகக் கம்பெனி வாயால் சொல்லியிருந்தது. ஞானசேகரனுக்கு அவன் மச்சான் முறை, கூட ஆடியவன். மறுநாள் கம்பெனி வாசல் டீக்கடையில் அவனைப் பிடித்தார்.

"மச்சான், பையன் கைய இறுக்கி அனுப்பக் கூடாதா? அதுக்காகத்தான் அவன் நிக்கிறானாம்."

தங்கராசு டீ கிளாஸைக் கீழே வைத்தான். இடது கையை ஞானசேகரனின் கைக்குள் வைத்தான். "இறுக்குறேன், பாரு" என்றான். நெற்றி நரம்பு புடைத்தது. ஞானசேகரனின் கையில் துணி பட்ட மாதிரி இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"முந்தின வருஷம் ஆடியிலேர்ந்து, பையன் வர்றதுக்கு முன்னாலேயே. வால்வுல ஆசிட்டு தெறிச்சிது. தழும்பப் பாத்தா ஒண்ணுமில்ல. உள்ள நரம்பு செத்துப்போச்சு. மூடுனா மூடுது, இறுக்க வரல."

"ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதுனாங்களா?"

"இன்னா மச்சான் கேக்குற? களிம்பு தடவி அனுப்பிட்டாங்க. எழுதச் சொன்னா, கை போனவனுக்கு வேல எதுக்குன்னு கேப்பான். ஏப்ரல் வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு."

"ஒன்னால பையன் வேல போவுது."

"நான் வேணும்னேவா பண்றேன்? அவன்கிட்ட சொல்லு, நான் இறுக்கலன்னாலும் போன்னு."

சொல்லிப் பார்த்தார். நாலு நாள் சொல்லிக்கொடுத்தார். பையன் தலையாட்டினான், "சரி சார்" என்றான், நின்றான். ஆறு வருஷம் உடம்பில் ஏறியது நாலு நாளில் இறங்குமா? 'கத்திச் சொல்லலாமா' என்று யோசித்தார். கத்தினால் எதிரணிக்காரன் காதிலும் விழும். உண்மையை மேனேஜரிடம் சொன்னால் தங்கராசு போவான். சொல்லாவிட்டால் செல்வன் போவான். யூனியன் ஆபீஸ் வாசல் வரைக்கும் ஒரு நாள் பைக்கை ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே போகவில்லை. போயிருக்க வேண்டும். ஆசிட்டில் போன கைக்கு இழப்பீடு கேட்பது பிச்சை இல்லை, சட்டம். ஆனால் வழக்கு முடிய எத்தனை ஏப்ரல் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மூன்று மணி வெயில். முதல் பாதியில் செல்வன் பழையபடி நின்றான். நாலு முறை தொட்டுவிட்டுப் போனார்கள். பந்தலுக்குள் சுப்பிரமணியன் டைரியைத் திறந்து வைத்திருந்தார்.

இடைவேளையில் ஞானசேகரன், "தங்கராசு, நீ வலது இன்னுக்குப் போ. அய்யனாரு, நீ இடதுக்கு வந்து செல்வன் கையப் புடி. ஆளு கால் நீட்டுனா இறுக்கு" என்றார்.

வலது பக்கம் போனால் தங்கராசு வலது கையைக் கொடுத்தால் போதும். இது ஒரு வாரம் முன்னாலேயே தோன்றியிருக்கலாம். அவன் இடது பக்கத்திலேயே பத்து வருஷம் ஆடியவன், அவனை மாற்றுவது சாமியைக் கருவறையிலிருந்து நகர்த்துகிற மாதிரி. அணியில் எல்லோரும் முறைத்தார்கள்.

"அண்ணன ஏன் சார் மாத்துறீங்க?" என்று அய்யனார் கேட்டான்.

"சொன்னதச் செய்யிடா."

இரண்டாம் பாதியில் செல்வன் ஆறு பேரைப் பிடித்தான். ஆறாவது ஆளை இழுத்தபோது கூட்டம் எழுந்து நின்றது. அணி இரண்டு பாயின்ட்டில் தோற்றது.

சுப்பிரமணியன் வந்தார். "பையன வெச்சிக்கலாம். ஆனா எனக்கு ஒரு விஷயம் புரியணும். தங்கராச மாத்துனதும் அவன் ஆடுறான். அப்ப இத்தினி நாளா தங்கராசுகிட்டதான கோளாறு? வயசாயிடுச்சா, உடம்புல எதாவதா? எழுதிக் குடுங்க."

கொஞ்ச தூரத்தில் தங்கராசு இடது கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஞானசேகரன் பேனாவை வாங்கினார். 'தங்கராசுக்கு உடம்பில் குறை இல்லை. ஆள்களை இடம் தெரியாமல் நிறுத்தியது என் தவறு. பயிற்சியாளருக்கு விஷயம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுப்பிரமணியன் படித்துவிட்டு, "அப்ப வேற பயிற்சியாளரத்தான் பாக்கணும், ஞானசேகரன்" என்றார்.

"பாருங்க சார்."

செல்வன் ஓடிவந்தான். முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு, பல் முழுக்கச் சிரிப்பு. "சார், ஏப்ரலுக்கு அப்புறமும் இருக்கச் சொல்லிட்டாங்களா?"

"இருக்கச் சொல்லிட்டாங்க."

பஸ்ஸில் தங்கராசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் புவனகிரியைத் தாண்டியது. பிறகு, "இன்னா மச்சான் எழுதிக் குடுத்த?" என்றான்.

ஞானசேகரன் சொன்னார்.

"குறை இல்லன்னா எழுதுன?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு இந்தக் கைக்கு நான் எதுவும் கேக்க முடியாதே மச்சான்."

ஞானசேகரன் இதை யோசிக்கவில்லை. தங்கராசின் முகத்தைப் பார்த்தார். அவன் கோபமாக இருக்கிறானா, தப்பித்தோம் என்று இருக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கராசுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பின் சீட்டில் செல்வன் யாரிடமோ ஆறாவது பிடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.