சிரிப்புக்காக வெட்டிய வரி

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவனுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்வரிசை வைத்து, மேலும் கீழும் சரியாகக் கடிபடும்வரை சுரண்டிக்கொண்டிருப்பான். சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரு காபிக் கடையின் மாடி அறையில் மைக் பிடித்து ஜோக் சொல்வான். பகலிலும் கடி, சாயங்காலமும் கடி என்று கூடத்தில் ஓட்டுவார்கள். அதில் பொய்யும் இல்லை. முன்வரிசை மரியாதைக்குச் சிரித்தது. பின்வரிசை போனைத் தடவியது.

மேடையை நடத்தியவள் பகலில் வங்கியில் வேலை பார்ப்பவள். ஒருநாள் அவன் வாடிய முகத்தோடு இறங்கி வந்ததும் சொன்னாள்: "நீங்க ஜோக் மட்டும்தான் சொல்றீங்க. அதுல ஆளே இல்ல. தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டாந்து நிறுத்துங்க."

அப்படி ஓர் ஆள் வீட்டிலேயே உண்டு. அவன் அம்மா. அப்பா இறந்த பிறகு அவள் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிப்பாள். 'பல் மருத்துவர்' என்பதை 'பால் மருத்துவர்' என்று படித்துவிட்டு, கெட்டுப்போன பாலைக் கொட்ட வேண்டியதுதானே, அதற்கு எதற்கு டாக்டர் என்று கேட்டாள். ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் 'தள்ளு' என்றிருந்ததைப் படித்து, உள்ளே போகாமல் நின்றுவிட்டாள். 'தள்ளுங்க' என்று மரியாதையாக எழுதினால் இவர்களுக்குக் கை தேய்ந்துவிடுமா என்று அவளுக்குக் கோபம்.

அவன் அதை மேடைக்குக் கொண்டுபோனான். எந்தக் கடை, என்ன வாங்கப் போனார்கள் என்பதையெல்லாம் கழித்துக் கட்டினான். அம்மாவின் விரல் காற்றில் எழுத்தெழுத்தாக ஊர்வதைக் காட்டினான். 'தள்... ளு' என்று படித்துவிட்டு, கதவை முறைத்தபடி பேசாமல் நின்றான். சிரிக்கவைக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும், எழுந்த சிரிப்பு இறங்கத் தொடங்கும்போதுதான் அடுத்த வரியை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அறையில் பட்டுத் தெரிந்துகொண்டவை. பின்வரிசை போனைக் கீழே வைத்தது. ருசி கண்டுவிட்டான்.

இன்னும் பெரிதாக ஒன்று தேவைப்பட்டது. அப்போதுதான் ஆரஞ்சு விஷயத்தை எடுத்தான்.

அப்பா வண்டியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். அம்மா வார்டு மாறிப் போய், முகமெல்லாம் கட்டுப் போட்டிருந்த யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்து ஊட்டி, பார்த்து ஓட்டக் கூடாதா என்று திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் போனபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. பிறகு திரும்பவே இல்லை. அம்மா படிக்கச் சேர்ந்ததே அதனால்தான். வகுப்பில் சேர்ந்த அன்று அவனிடம் மட்டும் சொன்னாள்.

மேடையில் அப்பாவின் சாவு வரவில்லை. கட்டுப் போட்டவர், "நாளைக்கும் வருவீங்களா?" என்று ஏக்கமாகக் கேட்பதாக முடித்தான். அது அவன் சேர்த்தது. இன்னொன்றை எடுத்தும் விட்டான். அன்று கூட வருவதாகச் சொல்லிவிட்டு அவன் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அம்மா போன் செய்தபோது, போர்டைப் பார்த்துப் போகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே. முதலில் அந்த வரியும் இருந்தது. சொல்லிப் பார்த்தான்; சிரிப்பு தொய்ந்தது. வெட்டிவிட்டான்.

ஆரஞ்சு ஜோக் அறையையே குலுக்கிப்போட்டது. அவன் படத்தோடு சுவரொட்டி ஒட்டினார்கள். அதை வகுப்பிலிருந்து திரும்பிய அம்மா தானே எழுத்துக்கூட்டிப் படித்து, யாரையும் கேட்காமல் மாடியேறி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணில் மேடை விளக்கு. "நாளைக்கும் வருவீங்களா?" என்றதும் அறையே அதிர்ந்தது. முடிந்து அறை விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தாள். பக்கத்தில் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா மடியில் இருந்த பையின் வாரை நீவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு உடம்பு கூசியது. வங்கிக்காரி வந்து முதுகில் தட்டிக் கொடுத்தபோது, அந்தக் கையைத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒரு பலகையையும் படிக்கவில்லை. இறங்கும் இடம் வருமுன் சொன்னாள்: "அந்தக் கதவு விஷயத்துக்கு நானே சிரிச்சேன்டா. நல்லாத்தான் சொன்னே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆரஞ்சை உனக்கு மட்டும்தானே சொன்னேன்."

மன்னித்துக்கொள் என்பது வாய்வரை வந்தது. சொல்லி முடித்தால் தன் பாரம் இறங்கிவிடும், அவளுக்கு என்ன கிடைக்கும் என்று தோன்றி வாயை மூடிக்கொண்டான். சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலநாள் தன்னையே திட்டிக்கொண்டான்.

அதன்பின் அம்மா வகுப்புக்குப் போகவில்லை. முட்டி வலி என்றாள். வீட்டில் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமை பின்வரிசையிலிருந்து, "ஆரஞ்சு சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டார். வெட்டிய வரியைச் சேர்த்தே சொன்னான். "போர்டுல எழுதியிருக்கும், பாத்துப் போம்மா" என்ற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குமேல் அவனால் போக முடியவில்லை. மைக்கை அதன் இடத்தில் மாட்டிவிட்டு இறங்கினான். அங்கே நின்று உண்மை சொன்னதும் இன்னொரு வேஷம்தானோ என்று நினைத்தபோது கூச்சம் இரட்டித்தது. அந்த மாடிக்கு அவன் மறுபடி போகவில்லை.

அம்மாவைப் பிறகு வகுப்புத் தோழிகள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை. இப்போது செய்தித்தாளே படிக்கிறாள், வாயைத் திறக்காமல். சில காலை வேளைகளில் தாளுக்குப் பின்னால் சிரிப்பில் தோள் குலுங்கும். என்னம்மா என்று கேட்பான்.

"ஒண்ணுமில்லடா" என்பாள்.