சின்னராசாவும் கண்டாக்குக் கடுவனும்

பலகைமேல் ஏறி நின்று, குறுக்குச் சுவருக்கு மேலாக முகத்தை நீட்டி, "சேதி தெரியுமா தங்கச்சி?" என்கிறார் சின்னராசா. அடுத்த காம்பராவில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் அழகம்மா நிமிர்ந்து பார்ப்பதில்லை. "தெரியும்னு சொன்னா விடவா போறீங்க? சொல்லுங்கண்ணே."

வட்டகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான இந்த லயத்தில், காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை போவதில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அடுப்புப் புகை, கருவாட்டு வாசம், புருஷன் பெண்டாட்டி சண்டை, சின்னராசா எல்லாம் அந்த வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போவது.

சின்னராசா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியை ஒரே வீச்சில் சாய்வாக வெட்டிச் சாய்க்கும் கை, வீட்டிலும் சும்மா இருக்காது. அழகம்மா வாசலில் வைத்த ரோசாச் செடியை இரண்டு முறை மொட்டையடித்திருக்கிறார். "வெட்டுனாத்தான் தழையும்" என்பது அவர் கட்சி. "அப்ப மொதல்ல ஒங்க மீசைய வெட்டுங்க" என்பது அவள் கட்சி. சந்தோஷம் மிஞ்சிவிட்டால் சாரத்தை அவிழ்த்துக் கட்டுவார். கட்டி முடித்ததும் மறுபடி அவிழ்ப்பார்.

பங்குனியில் அவர் மனைவி மருதாயி இறந்தாள். அதன்பிறகு அவர் பலகையில் ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழகம்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். மருதாயி வளர்த்த பூனை விறகுப் பரணில் குட்டி போட்ட காலையில்தான் பலகை மறுபடி கிறீச்சிட்டது. "சேதி தெரியுமா தங்கச்சி? நாலு!"

குட்டிகள் கண் திறந்த வாரத்தில் தாய்ப்பூனை ரயில் பாதையில் அடிபட்டுச் செத்தது. சின்னராசா மகளுக்குப் போன் போட்டார். தனுஷிகா கண்டியில் ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றும் வெந்நீர்ப் பை ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மெசினுன்னா முறுக்கி விட்டுருவ. இதுகள என்னா பண்ணுவ?" என்று வாசலிலேயே கேட்டார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒங்கம்மா சோறு போட்டு வளத்த பூனையில இதுக தான் பாப்பா மிச்சம்."

குட்டிகளை அட்டைப் பெட்டியில் கிடத்தி, தனுஷிகா சிரிஞ்சால் பால் புகட்டினாள். பால் இளஞ்சூடுதான். ஆனாலும் குட்டிகள் வாயைத் திறக்கவில்லை. மோவாய் வழியே வழியவிட்டன. வெந்நீர்ப் பையை விட்டு விலகி விலகி நகர்ந்தன. மறுநாள் காலையில் ஒன்று விறைத்துக் கிடந்தது. சின்னராசா அதை வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தனுஷிகாவுக்குப் பயமாக இருந்தது. பங்குனியிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

இத்தனைக்கும் நடுவே கண்டாக்கு வேறு. அகலத் தலையும் கிழிந்த காதுமாக ஒரு கடுவன் பூனை. தினமும் காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு சுவர்மேலேயே நடந்து, காம்பரா காம்பராவாக எட்டிப் பார்க்கும். கொழுந்து எடுக்கும் இடத்தில் நிரை நிரையாக நடந்து குறை கண்டுபிடிக்கும் மேற்பார்வையாளர், கண்டாக்கு ஐயாவேதான் என்று லயமே பேர் வைத்துவிட்டது. "கடுவன் குட்டியத் தின்னுரும்ண்ணே, உள்ள விட்டுறாதீங்க" என்று அழகம்மா எச்சரித்திருந்தாள். சின்னராசா சுவர் இடைவெளியைச் சாக்கு வைத்து ஆணியடித்து மூடியிருந்தார். அந்தப் பக்கம் கண்டாக்கு கத்தும். இந்தப் பக்கம் இவர் விளக்குமாற்றால் சுவரில் அடிப்பார்.

தனுஷிகாதான் முதலில் கவனித்தாள். "அப்பா, அது கத்துறப்பல்லாம் மூணும் தலையத் தூக்குதுக. நம்ம கூப்ட்டா தூக்க மாட்டேங்குதுக."

சின்னராசா குட்டிகளைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். கண்டாக்கு கத்தியது. கடைசிக் குட்டிகூடத் தலையைத் தூக்க முயன்றது. எழுந்தார். கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். ஒரே வீச்சு. சாக்கு இரண்டாகத் தொங்கியது.

"வா. வந்து பாரு. ஆனா வாய வச்ச, தலையச் சீவிருவேன்."

கத்தி கையிலேயே இருந்தது. கண்டாக்கு தொப்பென்று குதித்தது. அவரைப் பொருட்படுத்தவேயில்லை. நேரே பெட்டிக்குப் போய், சின்னக் குட்டியின் கழுத்தைக் கவ்வித் தூக்கியது. கத்தி உயர்ந்தது. தனுஷிகா அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பொறுங்கப்பா! பல்லு படல!"

குட்டியைப் பெட்டியின் மூலையில் போட்டு, பக்கத்தில் சாய்ந்து படுத்து, நெற்றியிலிருந்து வால்வரை நக்க ஆரம்பித்தது கண்டாக்கு. மற்ற இரண்டும் உருண்டு புரண்டு அதன் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டன.

"என்னண்ணே சத்தமே காணோம், தின்னுருச்சா?"

"நக்குது தங்கச்சி! நக்குது! கண்டாக்கு ஐயா புள்ள வளக்குறாரு!"

சுவருக்கு மேலே அழகம்மாவின் தலை முளைத்தது. "அட, இந்த ரவுடிப் பயலா?" மூன்று காம்பரா தள்ளி யாரோ கேட்டார்கள்: "நாளைக்கிப் பெரட்டுல பேரு கூப்புட யாரு வருவாங்க, பூனையா?" லயம் முழுக்கச் சிரிப்பு ஓடியது.

குட்டிகள் கடுவனின் வயிற்று ரோமத்தில் முகத்தை முட்டி முட்டிக் காம்பு தேடின. இல்லாததைத் தேடுகிற வேகத்தில் வாய்கள் அகலமாய்த் திறந்திருந்தன. சின்னராசா அதைப் பார்த்துவிட்டார். "குடு, குடு, அத இங்க குடு!" மகளிடமிருந்து சிரிஞ்சைப் பிடுங்கினார். சிமெந்துத் தரையில் குப்புறப் படுத்தார். பெட்டிக்குள் கையை விட்டு, ரோமத்துக்கும் குட்டியின் வாய்க்கும் நடுவே முனையை நுழைத்து, ஒரு சொட்டு விட்டார். குட்டி சப்பியது. இன்னொரு சொட்டு. காதுகள் ஆடின.

"குடிக்கிது பாப்பா" என்றார். தரையில் கன்னம் ஒட்டியிருந்ததால் வார்த்தை கோணலாக வந்தது.

மூன்றும் முறை வைத்துக் குடித்தன. சிரிஞ்சு காலியானது. கண்டாக்கு திரும்பி, குட்டிகளின் பால் வாய்களைத் துடைத்தது. அப்படியே சின்னராசாவின் பால் வழிந்த விரல்களையும், அவையும் குட்டிகள்தான் என்பதுபோல, ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது. காய்த்துப்போன அந்தக் கையை அவர் வெளியே எடுக்கவில்லை. மற்ற விரல்களையும் விரித்துக் கொடுத்தார்.