சிதம்பரத்தில் நானும் ரெஜினாவும் குண்டு தூக்கினோம்

2011 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போனோம். எல்லோரும் நடராஜரைப் பார்க்கப் போகும் ஊருக்கு நாங்கள் போனது கெட்டில்பெல் போட்டிக்கு. கெட்டில்பெல் என்றால் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒரு லீவுக்கு வந்தபோது பன்னிரண்டு கிலோவில் ஒன்று கொண்டுவந்தார். சாக்லேட் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்த பிள்ளைகள் அழாத குறைதான். அவர் திரும்பிப் போனதும் நானும் என் நாத்தனார் ரெஜினாவும் அதை எடுத்துக்கொண்டோம். ஐந்து வருடமாகக் காலையில் மொட்டைமாடியில் மாற்றி மாற்றித் தூக்குகிறோம்.

போட்டி என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"போட்டின்னா யாராவது தோக்கணும் அண்ணி. நம்மளுக்குள்ள அது எதுக்கு? நீங்க தூக்குங்க, நான் கை தட்டறேன்."

காலை ஏழு மணி பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். செம்மங்குப்பம் தாண்டினால் சவுக்குத் தோப்புகள் வரும். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கடல் காற்று அந்தப் பக்கம்தான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தோம். மண்டபத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் கேட்டார்: "இன்னிக்கு அங்க ஏதோ வெயிட் தூக்கறாங்களாமே, பாக்கப் போறீங்களாம்மா?"

"தூக்கப் போறோம்ணே," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேருமா?"

நான் வாயைத் திறக்குமுன் ரெஜினா, "ஏன், தூக்க மாட்டோமா?" என்றாள். இறங்கியதும் நேராகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். ரோஷம் ஜாஸ்தி அவளுக்கு.

பெண்கள் ஆறு பேர்தான். பத்து நிமிடத்தில் யார் அதிக தடவை தூக்குகிறார்களோ அவர்களுக்குப் பரிசு; குண்டைக் கீழே வைக்கக் கூடாது, ஒரே ஒரு முறை கை மாற்றலாம். நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். பயத்தில் நான் ஆரம்பத்திலேயே வேகமாகத் தூக்கிவிட்டேன். ஏழாவது நிமிடத்தில் விரல்கள் விரிந்துகொண்டன. வைத்துவிட்டேன்.

ஐந்து வருடத்தை அந்தத் தரையில் வைத்த மாதிரி இருந்தது. ரெஜினாவின் பார்வை என் பக்கம் திரும்பியது; அவள் கையும் தயங்கியது. வைத்துவிடுவாள் என்று தெரிந்துவிட்டது.

"என்ன ஏன்டி பாக்கற? நேரா பாரு! தூக்கு!"

மண்டபமே என்னைப் பார்த்தது. அவள் பத்து நிமிடமும் தூக்கினாள். இரண்டாம் பரிசு, ஓர் எவர்சில்வர் குடம். பொறாமை இல்லை என்றால் பொய். ஆனால் குடத்தோடு அவள் முழித்துக்கொண்டு நின்ற அழகில் அதில் பாதி கரைந்துவிட்டது.

நீங்களும் போவதாக இருந்தால், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். உள்ளங்கைக் காய்ப்பை முந்தின நாளே தேய்த்து மழுக்கிவிடுங்கள். முதல் மூன்று நிமிடம் சோம்பேறி மாதிரி தூக்குங்கள். நான் செய்யாதது அதுதான். வருடக்கணக்கில் தனியாகத் தூக்குகிறவர்கள் ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் தூக்கிப் பாருங்கள். நமக்கு எவ்வளவு வரும், எவ்வளவு வராது என்று அங்கேதான் தெரிகிறது.

திரும்பும் பஸ்ஸில் ரெஜினா குடத்தை மடியில் வைத்திருந்தாள். புதுச்சத்திரத்தில் மெல்லக் கேட்டாள்.

"கோவமா அண்ணி?"

"கோவந்தான். அடுத்த தடவ உன்ன விடமாட்டேன்."

என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"விடாதீங்க," என்றாள்.