இருபத்தெட்டு, பதினாலு, ஆறு

கர்வம் புடிச்சவள்னு சொன்னாலும் சொல்லிட்டுப் போங்க. என்னோட சர்வீஸ்ல பெருசா என்ன செஞ்சேன்னு கேட்டா, ஒரு கம்ப்யூட்டர் கேமை ஓட வெச்சதைத்தான் சொல்லுவேன். கஷ்டமான பிரசவம் எத்தனையோ பாத்திருக்கேன். அதெல்லாம் படிச்ச படிப்பு, வாங்கற சம்பளம். இது எனக்கு யாரும் சொல்லிக் குடுக்காதது. மலைக்குக் கீழ இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கே கைய விரிச்சதை நானாக் கண்டுபுடிச்சேன்.

ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ இருக்கும். கொல்லிமலையில கிராம சுகாதார நர்ஸா இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியத் தோள்ல மாட்டிக்கிட்டு திண்ணனூர் நாட்டு ஒத்தையடிப் பாதையெல்லாம் நடக்கறதுதான் வேலை. சொந்த ஊரு ராசிபுரம் பக்கம். வீட்டுக்காரர் நாமக்கல்லுல லாரி புக்கிங் ஆபீஸ்ல இருந்தாரு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மேல வருவாரு. நான் தனியா இருக்கறேன்னு ஒரு கம்ப்யூட்டரு வாங்கி, பஸ்ஸுல மடியில வெச்சு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் தாண்டிக் கொண்டாந்தாரு. கூடவே யாரோ காப்பி போட்டுக் குடுத்த ஒரு கேம் சி.டி.

சோளக்காடுங்கற ஊர்ல நான் குடியிருந்தது ஒரு லைன் வீடு. பக்கத்துப் போர்ஷன்ல ஒரு டீச்சர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரங்க, என்னைவிட பத்து வயசு மூத்தவங்க. கல்யாணம் பண்ணிக்கலை. நான் அவங்களை டீச்சர்ம்பேன், அவங்க என்னை சிஸ்டர்ம்பாங்க. அந்த கேமை நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் ஆடுனோம். அதுல வில்லு புடிச்ச ஒரு பொம்பளை, ஊரு ஊராப் போயி, கேட்டவங்களுக்கு வேலை செஞ்சு குடுத்து, பலம் ஏத்திக்கிட்டு, கடைசியில பனி மூடின ஒரு மலைக்கோட்டையில இருக்கற பூதத்தைக் கொல்லணும். அதுதான் கதை. டீச்சர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவங்க, அதனால கீபோர்டு அவங்களுது. நடக்கறது, ஓடறது, குதிக்கறது எல்லாம் அவங்க. மவுஸ் என்னோடது. பாக்கறதும் அம்பு விடறதும் நான். குழந்தை எந்தத் துள்ளு துள்ளினாலும் சரியா ஊசி குத்தற கை இது, குறி தப்புமா? ஒருத்தி கால், ஒருத்தி கை. சாயந்திரம் அஞ்சு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூலு, ரெண்டு டம்ளர் டீ. அப்பிடியே ஏழெட்டு மாசம் ஓடிப்போச்சு.

ஆடி பொறந்ததும் மலையில பனியும் சாரலும் புடிச்சுக்குச்சு. அங்க எல்லார் வீட்டுலயும் ஒரு வழக்கம் உண்டு. சர்டிபிகேட்டு, பட்டுச்சேலை, ரேடியோன்னு பூஞ்சை புடிக்கற சாமானையெல்லாம் மர அலமாரியில வெச்சு, உள்ள ஒரு பல்பைப் போட்டு, கதவைச் சாத்தி வெச்சிருவாங்க. அந்தச் சூட்டுல ஈரம் ஏறாது. எங்க வீட்டு ஓனரு மிளகு வியாபாரி. கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "வெளிய வெச்சா ஒரே மாசத்துல பூத்துப் போயிருங்க சாமி, அலமாரியில வெச்சு பல்பைப் போடுங்க"ன்னாரு. அவரு சொன்னது நெசம்தான். மொத வருசமே என்னோட டேப் ரிக்கார்டரு பூஞ்சை புடிச்சு வீணாப் போயிருந்துச்சு. அதனால சி.பி.யூ. பெட்டியத் தூக்கி அலமாரிக்குள்ள வெச்சு, கதவுல ஓட்டை போட்டு, ஒயரெல்லாம் அது வழியா வெளிய எடுத்து, திரைய மேசை மேல வெச்சுக்கிட்டோம். மொதல்ல ஜீரோ வாட் பல்புதான் இருந்துச்சு. சாரல் அதிகமானதும் நானே அதைக் கழட்டிட்டு அறுபது வாட் மாட்டினேன். உள்ள கதகதன்னு அத்தனை சொகமா இருக்கும். நனைஞ்ச ஸ்வெட்டரைக்கூட ரெண்டு பேரும் அந்தப் பெட்டி மேலயே காயப் போடுவோம்.

நாங்க மலைக்கோட்டைக்குப் போய்ச் சேந்ததும் அதே சமயத்துலதான். கேமு இழுக்க ஆரம்பிச்சுச்சு. திரையில ஓடறது உண்மையில தனித்தனிப் படம். ஒரு செகண்டுக்கு எத்தனை படம் ஓடுதுங்கறதுதான் ஃபிரேம் கணக்கு. ஒரு பட்டனை அமுக்கினா மூலையில அந்த நம்பரு தெரியும். இருபத்தெட்டு இருந்தா நல்லா ஓடும். எங்களுக்கு அது ஆறுக்கு வந்துரும். பூதம் வாயத் தொறந்து புகை விடறதுக்குள்ள நான் அம்பு விட்டாகணும். நான் சொடுக்கறது ஒரு நேரம், அம்பு கெளம்பறது ஒரு நேரம். டீச்சர் நகருன்னு அமுக்கினா அந்தப் பொம்பளை நின்னு யோசனை பண்ணிட்டுத்தான் நகருவா. செத்தோம். மறுபடியும் செத்தோம். மூணு வாரம் தெனமும் செத்தோம்.

நானும் சும்மா இருக்கலை. கேமோட செட்டிங்ஸ்ல போயி நிழலே வேண்டாம்னு எடுத்தேன். புல்லை எடுத்தேன், மரத்தை எடுத்தேன், தூரத்து மலைய எடுத்தேன். கடைசியில கோட்டையே கரியில கிறுக்கின மாதிரி ஆயிப்போச்சு, நம்பரு மட்டும் அசையலை. வைரஸ் இருக்கும்னு ஒரு நாள் பூராவும் தேட விட்டேன். சாயந்திரம் ஊரே லைட்டுப் போடறதால வோல்டேஜ் கம்மியா இருக்குமோன்னு சந்தேகம் வந்துச்சு, விடிகாலையில எந்திரிச்சு ஆடிப் பாத்தோம். அப்பவும் அதே ஆறுலதான் வந்து நின்னுச்சு.

நாமக்கல்லுல கம்ப்யூட்டரு வித்த கடை மெக்கானிக்குக்கு போன் போட்டேன். எஸ்.டி.டி. பூத்துல நின்னுக்கிட்டு, பின்னாடி நாலு பேரு காத்திருக்க, நோயாளி கேஸ் சொல்ற மாதிரி அத்தனையும் சொன்னேன். அந்தாளு கேட்ட மொதக் கேள்வி, பெட்டி சூடாவுதாங்கறதுதான். எனக்கு வந்துச்சே கோவம். ஏனுங்க, நான் கொல்லிமலையில இருந்து பேசறேன், இங்க குளிருல பல்லு தந்தியடிக்குது, சூடாவுதான்னு கேக்கறீங்களேன்னு ஒரு புடி புடிச்சேன். பூத்துல நின்னவங்க சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே, அப்ப படம் காட்டற கிராபிக்ஸ் கார்டுக்குச் சக்தி பத்தலைங்க, வேற போடணும், இல்லாட்டி அந்தக் கேமு உங்களுக்கு ஆவாதுன்னு கைய விரிச்சுட்டாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு வீட்டுக்காரரும் சொல்லிட்டாரு.

அடுத்த வருசம் யாருக்கு இருந்துச்சு? ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளு, களைச்சுப் போயி வீட்டுக்கு வாரேன், டீச்சர் என் வாசப்படியில உக்காந்திருக்காங்க. கையில டிரான்ஸ்பர் ஆர்டரு. சொந்த மாவட்டத்துக்கே கெடைச்சிருச்சு. எட்டு வருசமா எழுதிப் போட்டது. திங்கக்கிழமை அங்க சேரணும், ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பணும். நான் சந்தோசமாத்தான் கையப் புடிச்சேன். அவங்க மொகத்துல களையே இல்லை.

அவங்களுக்கு எதுவுமே முழுசா அமையலைன்னு எனக்குத் தெரியும். எம்.ஏ. சேந்தாங்க, அப்பாவுக்கு முடியாமப் போயி ரெண்டாவது வருசம் எழுதலை. ஊருல வீடு கட்ட ஆரம்பிச்சு, கூரை மட்டத்தோட நின்னுச்சு. நிச்சயம் வரைக்கும் போன கல்யாணமும் நின்னு போச்சு. இப்ப பள்ளிக்கூடத்துலயும் அஞ்சாவது புள்ளைங்களை வருச நடுவுல விட்டுட்டுப் போறாங்க. அதையெல்லாம் அன்னைக்கு அவங்க சொல்லலை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"எல்லாத்தையும் பாதியில விட்டுட்டுப் போறதே என் பொழப்பாப் போச்சு சிஸ்டர். சின்னப்புள்ளத்தனமாத்தான் இருக்கும். இதையாவது முடிச்சுட்டுப் போணும்னு ஆசையா இருக்கு."

மூணு நாளு இருக்குதுங்க டீச்சர், பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர ஒரு வழியும் தெரியலை.

வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்ச வேலையச் செஞ்சேன். காய்ச்சல் எதனாலன்னு புரியலைன்னா நாங்க என்ன செய்வோம்? சார்ட் போடுவோம். மருந்தைத் தொடாம, மணிக்கணக்கு வெச்சு, ஏறறதை எறங்கறதை எழுதுவோம். ஒரு சார்ட்டு தாளை எடுத்து, பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை நம்பரை எழுதினேன். டீச்சரை ஒரே எடத்துல, கோட்டை வாசல்ல நிக்கச் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு இருபத்தெட்டு. அப்பறம் இருபத்தஞ்சு. அப்பறம் பதினாலு. அஞ்சரைக்கு ஆறு. புள்ளியெல்லாம் சேத்துக் கோடு இழுத்தேன், சரசரன்னு எறக்கம். கேமுல எதுவுமே மாறலை. அதே வாசலு, அதே பனி, நாங்க நகரவே இல்லை. மொதல்ல ஓடற சக்தி அரை மணி நேரத்துல எங்க போகுது?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறுல நிக்கறப்ப கரண்டு போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. போட்டதும் பாக்கறேன், அதே வாசல்ல இருபத்தெட்டு. கார்டுக்குச் சக்தி இல்லைன்னா இந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்துச்சு? இது சக்தியில்லாத ஒடம்பு இல்லை, ஓஞ்சு போற ஒடம்பு. படுத்து எந்திரிச்சா சரியாகுது. அது வரைக்கும் புரிஞ்சுச்சு. எதனால ஓஞ்சு போகுதுன்னு புரியலை.

சனிக்கிழமை காலையில டீச்சர் சாமானெல்லாம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க ஸ்வெட்டரு எங்க அலமாரியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எடுத்துக் குடுக்கலாம்னு கதவைத் தொறந்தேன். இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி சுட்டுச்சு. கையில புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னேன். அப்பறம் பையில இருந்த ஜுரம் பாக்கற தெர்மாமீட்டரை எடுத்து, கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, பெட்டிக்குப் பின்னாடி, காத்து வெளிய வர்ற எடத்துல காட்டினேன். பாதரசம் விறுவிறுன்னு ஏறிக் கடைசிக் கோட்டைத் தொட்டுச்சு. வெடிச்சுருமோன்னு வெடுக்குனு இழுத்துட்டேன்.

நான் என்ன உத்தியோகம் பாக்கறவ? காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தடுப்பூசிப் பெட்டியோட சூட்டை அளந்து நோட்டுல எழுதறவ. ரெண்டு டிகிரி கூடினாலும் பதறிப் போறவ. அப்பேர்ப்பட்டவ அறுபது வாட் பல்பைப் போட்டு, கதவையும் சாத்தி, மேல ரெண்டு கம்பளி ஸ்வெட்டரையும் போத்தி, ஒரு கம்ப்யூட்டரை வேக வெச்சிருக்கேன். உள்ள இருக்கற சிப்பு அந்தச் சூட்டுல தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் கொறைச்சுக்குது, பாவம். கொல்லிமலையில சூடான்னு அந்த மெக்கானிக்கை வேற நக்கல் பண்ணினேன். தலையில அடிச்சுக்கிட்டேன், ஆனா சிரிப்பு தாங்கலை.

டீச்சரை இழுத்துட்டு வந்தேன். பல்பைக் கழட்டினேன். அலமாரிக் கதவையே கீலோட கழட்டிச் சாச்சு வெச்சேன். பெட்டிய எடுத்து ஜன்னலோரம் வெச்சு, பக்கத் தகட்டைத் தொறந்தா, ஃபேன்ல ஸ்வெட்டரு நூலும் தூசியும் மெத்தையாட்டம். பி.பி. பாக்கற ரப்பர் பந்தைக் கழட்டி, அதை அமுக்கி அமுக்கிக் காத்தடிச்சுச் சுத்தம் பண்ணினேன். ஜன்னலைத் தொறந்ததும் பனி பொகையாட்டம் உள்ள வந்துச்சு. பூஞ்சை புடிச்சுருமே சிஸ்டர்னு டீச்சர் பயந்தாங்க. புடிச்சா புடிச்சுட்டுப் போகுது, இன்னைக்கு ஒரு நாளு ஓடினாப் போதும்னேன்.

கோட்டை வாசல்ல அரை மணி நேரம் சும்மா நின்னோம். இருபத்தெட்டு. ஒரு மணி நேரம் ஆச்சு. இருபத்தேழு. அதுக்குக் கீழ எறங்கவே இல்லை. சோத்தைத் தின்னுட்டு வந்து உக்காந்தோம்.

மதியம் மூணு மணி இருக்கும். ரெண்டு பேரும் ஸ்வெட்டரு போட்டு, காதைக் கட்டிக்கிட்டு, ஜன்னல் காத்துல நடுங்கிக்கிட்டே ஆடுனோம். அந்தப் பொம்பளை ஓடினா பாருங்க, டீச்சர் வெரல் வெச்ச எடத்துல அவ கால் இருந்துச்சு. பூதம் மூச்சை இழுத்துச்சு. மூணு வாரமா எங்களைக் கொன்ன புகை. டீச்சர் எடது பக்கம் ஒதுங்கினாங்க, வாய் தொறந்துச்சு, சொடுக்கினேன், அப்பவே அம்பு உள்ள போச்சு. ஏழு தடவை தொறந்துச்சு, ஏழு அம்பும் உள்ளதான். எட்டாவதுல பூதம் முட்டி போட்டுக் கோட்டைச் செவுரோட சரிஞ்சுச்சு. டீச்சர் கீபோர்டுல இருந்து கைய எடுக்கவே இல்லை. முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆமாங்க டீச்சர், முடிஞ்சு போச்சுன்னேன். முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதுட்டாங்க. எனக்கு ஏற்பட்ட பெருமை இருக்கே, ஊருக்கே தண்டோரா போடணும் போல இருந்துச்சு.

நேரா பூத்துக்குப் போயி மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கண்டுபுடிச்ச கதையப் பூராவும் சொன்னேன். அதைத்தானுங்களே நான் மொதல்லயே கேட்டேன்னாரு. லைனு சரியில்லைன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். கேட்டது அவருதான், இல்லைங்கலை. கண்டுபுடிச்சது நான்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில பஸ்ஸேத்தி விடப் போனேன். ஜன்னல் சீட்டுல உக்காந்து சிரிச்ச மொகமா இருந்தாங்க. அத்தனை வருசத்துல அப்பிடி ஒரு நிம்மதிய அவங்க மொகத்துல நான் பாத்ததில்லை. லீவு வுட்டதும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க டீச்சர்னு சொன்னேன். ஜன்னல் வழியா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"இனி வந்து என்ன செய்ய சிஸ்டர்? இங்க எனக்கு ஒரு பாக்கியும் இல்ல. நீங்கதான் எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டீங்களே."

மனசாரச் சந்தோசமாத்தான் சொன்னாங்க. பஸ்ஸும் கெளம்பிருச்சு. அப்பறம் அவங்க மலைக்கு வரவே இல்லை. பல்பை அன்னைக்குக் கழட்டாம வுட்டிருந்தா கேமை முடிக்கறதுக்குன்னு அரைப் பரீட்சை லீவுக்காவது வந்திருப்பாங்க, எனக்குத் தெரியும். இருந்தாலும் கழட்டினதுக்கு நான் வருத்தப்படலை. அவங்க வாழ்க்கையில முழுசா முடிஞ்ச ஒரே காரியத்துல என் கையும் இருந்துச்சு.