நாத்தனாருக்காகக் கேட்டது

காலை ஏழு இருபது வண்டியின் பெண்கள் பெட்டியில் காய்ச்சல், சளி, முதுகுவலி என்றால் யாரும் தயங்காமல் சொல்வார்கள். அதற்கெல்லாம் வெட்கமில்லை. கொஞ்சம் கூச்சமான இடத்தில் ஏதாவது வந்துவிட்டால் மட்டும் அது உடனே நாத்தனாருக்குப் போய்விடும். "எங்க நாத்தனாருக்கு ரொம்ப வெள்ளப்படுதாம், இன்னா பண்லாம்?" என்று ஒருத்தி கேட்பாள். நாங்களும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அந்த நாத்தனாருக்கே வைத்தியம் சொல்வோம். திருநின்றவூரில் ஏறும் அம்மா ஒருவர் உண்டு. அவருடைய நாத்தனாருக்கு மூலம், சிறுநீர்க் கடுப்பு, கர்ப்பப்பை இறக்கம் எல்லாம் வந்து போயிருக்கின்றன. அவர் கணவரோடு பிறந்தவர்கள் நாலு பேரும் ஆண்கள்.

நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெட்டியில் முக்கால்வாசிப் பேர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள். டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்தே பாதி நோயை வண்டியிலேயே பேசித் தீர்த்துக்கொள்வோம். பட்டரவாக்கத்தில் இறங்கும்போது மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அந்தப் பெட்டியில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர். படிப்பு பிளஸ் டூதான். ஆனால் பித்தப்பையை எடுத்தவள், மாமியாரை மூன்று வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு அலைந்தவள். கைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். என் கணவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். இருபது வருடம் குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு, பட்டாபிராமில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்தோம். எனக்குச் சட்டை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. விட்டுப்போன தையலும் தளர்ந்த பட்டனும் என் கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே ஒரு பேர். டாக்டரம்மா என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். நாளாக ஆகக் கிண்டல் போய்ப் பட்டம் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு அது பிடித்துத் தொலைத்தது.

நெமிலிச்சேரியில் ஏறுகிற ஒருத்தி எனக்கு மகள் மாதிரி. முப்பது வயது இருக்கும், பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. எனக்கு முந்தின ஸ்டேஷன் என்பதால் ஜன்னலோரம் பையை வைத்து எனக்கு இடம் போட்டிருப்பாள். டிபனை வண்டியில்தான் சாப்பிடுவோம். அவள் டப்பாவில் எப்போதும் எனக்கும் சேர்த்து இரண்டு தோசை, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு. அதை அவள் செய்வதில்லை. அவள் கணவனுடைய அக்கா, கல்யாணமாகி ஒரே வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர், அந்த வீட்டின் சமையலையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். "அண்ணி இல்லன்னா என்னால வேலைக்கே வர முடியாதுக்கா" என்பாள். திருநின்றவூர் அம்மா விரலை நக்கிக்கொண்டே, "அந்தக் கைக்குத் தங்கக் காப்பு பண்ணிப் போடணும்டி" என்பார். இரண்டு வருடம் அந்தத் தொக்கைச் சாப்பிட்டோம். செய்தவரை நாங்கள் பார்த்ததில்லை.

ஓர் ஆடி மாதத்துக் காலையில் அவள் சாப்பிடாமல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அக்கா, எங்க நாத்தனாருக்கு மார்ல கட்டி மாரி ஒண்ணு கீதாம். இன்னா பண்லாம்?"

நான் திருநின்றவூர் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே எங்களுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்கலையாம். ரெண்டு மாசமா கீதுன்றாங்க. கொட்டப்பாக்கு அளவு."

"வலி இல்லன்னா பயப்பட ஒண்ணும் இல்ல. கொழுப்புக் கட்டியா இருக்கும்."

இதை நான் எங்கே படித்தேன்? எங்கேயும் படிக்கவில்லை. என் முழங்கைக்கு மேலே ஒரு கட்டி பல வருடமாக இருக்கிறது. அது வலிக்காது. அது வெறும் கொழுப்பு என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கட்டியை வைத்து உலகத்துக் கட்டிக்கெல்லாம் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"இருந்தாலும் ஒரு தடவை காட்டிடலாம். சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன், வா."

"எனக்கு இல்லக்கா. நெசமாவே எங்க அண்ணிக்குதான்."

"தெரியும்டி, தெரியும்" என்றார் திருநின்றவூர் அம்மா. "எனுக்குங்கூட அல்லாமே எங்க நாத்தனாருக்குதான் வரும்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் அதை ஒப்புக்கொண்ட சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாமா, உள்ளே ஆம்பிளை யாராவது இருப்பார்களா, எல்லாத் துணியையும் எடுக்கச் சொல்வார்களா. பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். சீட்டு எழுதுகிற இடத்தில் அவளுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "மார்ல கட்டின்னு சொல்றா, பார்க்கணும்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கூச்சப்படாதே, நான்தான் இருக்கேன்ல" என்று கையை அழுத்திப் பிடித்து உள்ளே அனுப்பினேன். வெளியே உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரமும் வேண்டாத தெய்வமில்லை.

ஸ்கேனும் பார்த்துவிட்டு வந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லன்ட்டாங்கக்கா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையான சந்தோஷம் அது. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை பெட்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அண்ணிக்கும் ஒண்ணும் இருக்காது இல்லக்கா?"

"இன்னும் என்னடி அண்ணி? உங்க அண்ணிக்கும் ஒண்ணும் இல்ல, போதுமா? வாயத் திற."

ஒரு முழுத் துண்டை அவள் வாயில் திணித்தேன். அதை மென்று முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

தை மாதத்தில் ஒரு நாள் அவள் கடையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். மறுநாளும் அதே பொட்டலம். "தொக்குக்கு என்ன ஆச்சு? உங்க அண்ணி கோச்சுக்கிட்டாங்களா?" என்று வம்புக்குத்தான் கேட்டேன்.

"அவங்களால கைய தூக்க முடிலக்கா. வீங்கிகினு கீது."

"ஏன், எங்கயாவது விழுந்துட்டாங்களா?"

"இல்லக்கா. அந்தக் கட்டி கீற பக்கம். அது இப்ப ரொம்பப் பெருசாயிடுச்சு."

என் கையிலிருந்த இட்லியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. "எந்தக் கட்டி?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான்தான் ஆடியிலயே உன்னாண்ட கேட்டனேக்கா. எனக்கில்ல, அண்ணிக்குன்னு சொன்னனே."

"அப்ப எதுக்குடி என்கூட வந்த?"

"நீ இட்டுகினு போறன்னு சொன்ன. எடத்த பாத்து வச்சுகினா அப்பறமா அண்ணிய இட்டுகினு வரலாமேன்னு வந்தேன். அங்க போனா என்னியே பாக்க சொல்லிட்ட. சரி, நாமளும்தான் பாத்துக்குவமேன்னு பாத்தேன். அப்பால நீ அண்ணிக்கும் ஒண்ணும் இல்லன்னு சொன்ன. வூட்ல போய் சொன்னேன். அதோட அவங்களும் வரமாட்டேன்னுட்டாங்க."

அவள் குரலில் குற்றம் சாட்டுவதாக ஒன்றுமே இல்லை. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாள். எதிரே திருநின்றவூர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. என் வயதுக்காரர் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். நாற்பதைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். இடது கையை மடியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். வலது கையாலேயே டீயை ஆற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான் டாக்டரம்மாவா? இவ எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான். அன்னிக்கு வலிக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னீங்கன்னு வந்து சொன்னா பாருங்க, அப்பறம்தான் எனக்கு சோறே எறங்குச்சு. அதுவரிக்கும் ஒரே பயம்."

எனக்கு நன்றி சொல்கிறார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேனோ தெரியவில்லை. என் காலடியிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், நான் வரேன்" என்றேன். "உங்களுக்கு எதுக்குங்க்கா சிரமம்" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர், "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார். நாத்தனார், அண்ணி, தொக்கு செய்கிறவர் என்றுதான் எனக்குத் தெரியும். அவரே என் தோளுக்குப் பின்னாலிருந்து தன் பெயரைச் சொன்னார்.

அறைக்குள் இருந்தவர் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் அலைந்த நான் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன்.

"முதல்ல எப்பம்மா தெரிஞ்சுது?"

"வைகாசிலங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"எட்டு மாசமா? அப்பவே ஏன் வரல? கூட இருக்கிறவங்க யாருமே சொல்லலையா?"

நான் கைக்கெட்டும் தூரத்தில் அண்ணியின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் வாய் சும்மாவே இருக்காது. முன்பின் தெரியாதவர்களின் வாயுக்கும் வயிற்றுவலிக்கும் ஆயிரம் சொன்ன வாய் அது. அப்போது பார்த்து மூடிக்கொண்டது.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "வூட்ல வேல இருந்துச்சும்மா. நான்தான் அலட்சியமா இருந்துட்டேன்" என்றார்.

டாக்டர் அவரைத் திட்டினார். அக்கறையோடுதான் திட்டினார். பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான், வீட்டு வேலை வீட்டு வேலைன்னு உடம்பைப் பார்க்கறதே இல்லை என்றார். தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவையும் அவர் கேட்டுக்கொண்டார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் முழங்காலில் கையை வைத்தார். "உங்களச் சொன்னா அந்த டாக்டர் பொண்ணு உங்களத் திட்டும். அதான் சொல்லல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க்கா."

பிறகு மருந்து ஏற்றினார்கள், அறுவை செய்தார்கள், திரும்பவும் மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நான் கூடப் போனேன். சூப்பர்வைசரின் முகம் எப்படிப் போனது என்று அப்போதெல்லாம் நான் பார்க்கவேயில்லை. நோய் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது. ஐப்பசியில் ஒரு மழை நாளில் இறந்துபோனார்.

அவள் இப்போதும் அதே வண்டியில்தான் வருகிறாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறாள். இப்போதும் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கிறாள். தொக்கை அவளே செய்து பார்க்கிறாள். "அண்ணி கைப்பக்குவம் வரலக்கா" என்று நீட்டினால் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். யாராவது நாத்தனாருக்கு என்று ஆரம்பித்தால், முதலில் அந்த நாத்தனாரின் பெயரைக் கேட்கிறேன். பிறகு இரண்டு பேருமே போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். டாக்டரம்மாவுக்கு முன்ன மாதிரி விவரம் போதவில்லை என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும்.

அந்த டாக்டரின் கேள்விக்கு, நான்தான் ஒன்றும் இல்லை என்று சொன்னேன் என அன்றைக்கே சொல்லியிருந்தால் அண்ணி பிழைத்திருப்பாரா? மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் காதில் விழும்படி நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் இருந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதே பெஞ்சில், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை.