ஆஸ்திரேலியக் கவிதையின் பிராண்டே வாசகர்

என் தங்கச்சி மெல்பேர்ணில் தாதியாக இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன், ஆங்கிலத்தில் எழுதிய தன் முதல் கவிதையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இதென்ன, கடைக்குப் போற லிஸ்டோ என்று நான் பதில் போட்டேன். பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அன்று குழுவை விட்டு விலகியவள் என்னோடு கதைப்பதையும் விட்டுவிட்டாள். மூத்தவன் நான், நானே எடுத்துக் கதைத்திருக்கலாம். ஆனால் எனக்கு வீம்பு. அவளுக்கு என்னைவிட வீம்பு. ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே.

போன வருஷம் அவளுடைய கவிதைப் புத்தகம் அங்கே வெளிவந்தது. மனைவிதான் சொன்னாள்; அவர்கள் இருவரும் ஞாயிறு தவறாமல் கதைப்பவர்கள். ஒரு பிரதி அனுப்பச் சொல்லவா என்று கேட்டாள். எனக்கென்னத்துக்கு அந்தக் குப்பை என்றேன். அடுத்த நாளே, காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு, டென்மார்க்கில் நான் இருக்கும் பிராண்டே ஊர் நூலகத்துக்குப் போய், அந்தப் புத்தகத்தை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

நூலகப் பெண்மணி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இந்தக் கவிஞரை எப்படித் தெரியும் என்றார். தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சொந்த அண்ணனுக்கு ஏன் ஒரு பிரதி அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது புருஷனுடைய பெயர், ஆகவே பிடிபட வழியில்லை. எனக்கு ஆஸ்திரேலியப் புதுக்கவிதை என்றால் உயிர் என்று டேனிஷில் ஒரு புளுகு விட்டேன்.

வினை அங்கேதான் தொடங்கியது. மூன்று வாரத்தில் புத்தகம் வந்தது. கூடவே, எனக்காகவென்றே அந்த மனுசி தேடியெடுத்த வேறு நாலு ஆஸ்திரேலியப் புத்தகங்களும் வந்தன. எல்லாம் இப்போதுதான் அச்சானவை. ஒன்றில் பக்கத்துக்கு மூன்று சொல், மிச்சமெல்லாம் வெள்ளை. இன்னொன்று செம்மறிப் பண்ணை நாவல். நானூறு பக்கமும் மழை வரவேயில்லை. டென்மார்க் மழைக்குள் இருந்துகொண்டு அதை நம்புவதே பெரும்பாடு. திருப்பிக் கொடுக்கும்போது எப்படியிருந்தது என்று ஆவலாகக் கேட்பார், அதனால் வாசிக்காமல் தப்ப முடியாது. மத்தியான இடைவேளையில் சோற்றுப்பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்து வாசித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

தங்கச்சியின் புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று தரம் தவணை நீட்டினேன். ஆங்கிலத்தைத் தலைக்குள் டேனிஷாக்கி, டேனிஷைத் தமிழாக்கி வாசிப்பவனுக்கு அறுபது பக்கம் சின்ன வேலையில்லை. ஒரு கவிதையில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவள், கையிலிருந்து மருந்து மணம் போகுமட்டும் பிள்ளையைத் தூக்காமல் வாசலிலேயே நிற்கிறாள். அதை வாசித்த அன்று காருக்குள் இருந்து அந்தப் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தேன். பெருமையாக இருந்தது. என்மேலேயே கண்டபாட்டுக்குக் கோபமும் வந்தது.

நாலாம் தரம் நீட்டப் போனபோது நூலகப் பெண்மணியின் முகமெல்லாம் சிரிப்பு. கவிஞருக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தாராம். பயப்பட வேண்டாம், பெயர் சொல்லவில்லை என்றார். எங்கள் ஊர்க் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற, பெரிய மீசை வைத்த ஒரு தமிழர் உங்கள் புத்தகத்தை விடமாட்டேன் என்கிறார் என்று மட்டும்தான் எழுதினாராம். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை காலை மனைவி தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

"அண்ணை, அந்த மீசைக்காரர் நீங்கள்தானே?"

ஓம் என்றேன். அதற்குமேல் மழுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை.

"நான் அண்டைக்கு அப்பிடி எழுதினது பிழை, தங்கச்சி. நீ நல்லா எழுதியிருக்கிறாய்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இந்த முறையாவது வாசிச்சுப்போட்டுத்தான் சொல்லுறியளோ?" என்று கேட்டாள்.

"நாலு மாசமா அதைத்தான் செய்யிறன்" என்றேன்.